கிரீடம் யார் தலைக்கு?

அமெரிக்காவின் டகோமா நகரத்துல டிசம்பர் வந்தா சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் கும்மிருட்டு! அதுக்குப் பக்கத்துல இருக்கிற பசிபிக் லூத்தரன் பல்கலைக்கழகம், நார்வேயிலிருந்து குடியேறியவங்க 1890-ல் ஆரம்பிச்சது. அந்த மாசம் ஒரு பக்கம் பரீட்சை டென்ஷன். இன்னொரு பக்கம் கிறிஸ்துமஸ் கச்சேரி.

ஆனா, ஹைலைட் லூசியா விழாதான். வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் மெழுகுவத்திக் கிரீடம்னு ஒரு பொண்ணு முன்னால வர, தோழிகள் பாடிக்கிட்டே பின்னால வருவாங்க. லூசியான்னாலே குங்குமப்பூ போட்ட பன்னும் உண்டு. (பாதிக் கூட்டம் அதுக்காகத்தான்னு நமக்கு ஒரு சந்தேகம்!)

வேடிக்கை என்னன்னா, லூசியா சிசிலித் தீவுப் புனிதர். புனிதர்கள்கிட்ட வேண்டிக்கிறதே கூடாதுன்னவர் மார்ட்டின் லூதர். அவர் வழி வந்த ஸ்காண்டிநேவியாக்காரங்க லூசியாவை மட்டும் விடலை. அந்த ஊர் இருட்டு அப்படி!

சரி, கிரீடம் யார் தலைக்கு? 2016-ல் ஸ்வீடனில் ஒரு கடை விளம்பரத்துல கறுப்பு நிறக் குழந்தை லூசியாவா வந்ததுக்கு, இணையத்துல வசவு குவிஞ்சு விளம்பரத்தையே எடுத்துட்டாங்க. தங்க நிறக் கூந்தல் இருந்தாத்தான் லூசியாவாம். சிசிலிக்காரப் பொண்ணுக்கு அது இருந்திருக்குமாங்கறதே டவுட்டு, மக்களே!