பெரட்டுக்களத்திலும் ஒரு பிரதி ஒட்டுங்கள்

மதிப்புக்குரிய எங்கள் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கு,

பலாங்கொடை டவுனிலிருந்து மலையேறும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். சபை கூடும்போது எங்கள் தோட்டத்தைப் பற்றி என்ன பேசினீர்கள், எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்பதை எங்கள் மொழியில் எங்களுக்குச் சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அரச அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வாசலில் கண்ணாடி போட்ட பலகை. உள்ளே மூன்று தாள்கள், மூன்றும் சிங்களத்தில். எங்கள் லயத்து அக்கா ஒருவர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். கடையிலும் பஸ்ஸிலும் அவர் பேசும் சிங்களத்தைக் கேட்டால் டவுனில் பிறந்தவர் என்றே நினைப்பீர்கள். ஆனால் எழுத்துத் தெரியாது. "தம்பி, இதுல நம்ம ரோட்டப் பத்தி ஏதும் போட்டிருக்கா?" என்றார். நான் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். திகதி தெரிந்தது, தொகை தெரிந்தது. எந்த ரோடு, யாருக்குக் கொடுத்த வேலை என்பது பிடிபடவில்லை. கறை ஏறி வெடித்த விரலைக் கண்ணாடியில் அந்தத் தொகைக்கு நேராக வைத்தபடி அக்கா சற்று நேரம் நின்றார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

எங்கள் சனம் சபையிடம் கேள்வி கேட்கப் பழகாததற்குக் காரணம் இருக்கிறது. 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க இடம் தரவில்லை. சபைக்கு வாக்குப் போட்டோம். ஆனால் ரோட்டுக்கும் தண்ணீருக்கும் தோட்டத்துத் துரையிடம்தான் போய் நின்றோம். 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை முப்பத்தொரு வருஷம் இப்படியே போனது. திருத்தம் வந்து ஐந்து வருஷம் ஆவதற்குள், 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை நாட்டின் பெரும்பாலான பிரதேச சபைகளில் தெரிவான உறுப்பினர்களே இல்லை. கேட்கும் பழக்கம் வேர்விட எப்போது நேரம் கிடைத்தது, சொல்லுங்கள்?

எங்கள் சபரகமுவ மாகாணத்தில் நிர்வாக மொழி சிங்களம்தான். ஆனாலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை எங்களுக்குத் தந்திருக்கிறது. 2017 பெப்ரவரியிலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு கொழுந்தெடுக்கும் பெண் டவுனுக்கு வந்து விண்ணப்பம் கொடுத்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். பதிலை வாங்க வந்தால் இன்னொரு பேர். நம்முடைய ரோட்டுக்கு எவ்வளவு பணம் என்று தெரிந்துகொள்ள அவர் இரண்டு நாள் சம்பளத்தை இழக்க வேண்டுமா? கேட்கும்முன் நீங்களே சொல்லிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

மாதாந்தக் கூட்டத்தின் நாளையும் நிகழ்ச்சி நிரலையும் முன்கூட்டியே தமிழிலும் அறிவியுங்கள். உறுதிப்படுத்திய கூட்டறிக்கையைத் தமிழிலும் தாருங்கள். தோட்டத்துக்குள் கொங்கிரீட் போடும்போது, வேலை தொடங்கும் அன்றே ரோட்டோரம் ஒரு பலகை நடச் சொல்லுங்கள். எத்தனை மீற்றர் நீளம், எத்தனை அங்குலக் கனம், மொத்தத் தொகை என்ன, ஒப்பந்தக்காரர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் எங்கள் பிள்ளைகளே அளந்து பார்த்துவிடுவார்கள். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த இடங்களில் ஒன்றிலாவது லயத்தில் குடியிருக்கும் ஒரு பெண்ணை உட்கார வையுங்கள். மழை பெய்தால் எந்த வளைவில் மண் சரிகிறது, எந்தப் பீலியில் தண்ணீர் வற்றுகிறது என்று தினமும் பார்ப்பவர் அவர்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். அடுத்த கூட்டத்தின் அறிவித்தலிலிருந்து தொடங்குங்கள். காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஒரு தமிழ்ப் பிரதியை ஒட்டச் சொல்லுங்கள். விடியற்காலையிலேயே ஒட்டிவிட வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் எங்கள் ஆட்கள் மலைக்கு ஏறிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாக்காளர் ஒருவர்