கவிழ்த்து வைத்தால் ஓடும் விளையாட்டு

இந்தத் தடவை தோட்டத்துக் கதை இல்லைங்க, வீடியோ கேம் கதை. "விவசாயிக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்காதீங்க. ஊருக்குத் திரும்புவதற்கு முன் நானும் சென்னையில் மேன்ஷன் அறையில் குடியிருந்தவன்தான்.

அப்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் பரணில் கிடந்தது. லீவுக்கு வந்த அக்கா பையன் அதைத் தூசி தட்டி எடுத்துவந்து, "மாமா, இது ஓடுமா?" என்றான். பழைய டிவியில் மாட்டினேன். சிடி சுற்றுது, கேம் வரலை. வயசு ஆச்சில்ல! அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. பெட்டியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். உள்ளே தேய்ந்துபோய்ச் சாய்ந்திருக்கும் லென்ஸ், கவிழ்த்தால் சில சமயம் சரியான நிலைக்கு வந்துவிடும். வந்தது.

உள்ளே இருந்தது 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 2'. 2000-ல் வந்த ஸ்கேட்போர்டு விளையாட்டு. சக்கரப் பலகையில் ஏறி, கைப்பிடிக் கம்பியில் வழுக்கி, சுவரில் ஏறி, அந்தரத்தில் சுழல வேண்டும். 'மேனுவல்' என்று ஒரு வித்தை. இரண்டு சக்கரத்தில் மட்டும் உருண்டபடியே ஒரு சாகசத்தை அடுத்ததோடு கோத்துக்கொண்டே போகலாம், புள்ளிகள் பெருகும். ஆசைப்பட்டு ஒன்று கூடுதலாகச் செய்து விழுந்தால், கோத்தது மொத்தமும் பூஜ்ஜியம். தக்காளி விலை இன்னும் ஏறும் என்று பறிக்காமல் விட்டவனுக்கு இது நன்றாகப் புரியும்.

படம் இன்றைக்குப் பார்த்தால் கட்டம் கட்டமாகத்தான் இருக்கு. 2020-ல் முதல் இரண்டு பாகங்களையும் பளபளப்பாகப் புதுப்பித்து வெளியிட்டார்கள். ஆனாலும் பழசில் விரல் அழுத்தியதும் ஆள் துள்ளுகிற அந்த வேகம் கொஞ்சமும் குறையலை.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. ஒரு ஆட்டத்துக்கு இரண்டே நிமிஷம். அதற்குள் ஐந்து எழுத்துகளைப் பொறுக்கணும், ஒளித்துவைத்த டேப்பைத் தேடணும். மணி அடித்தால் முடிந்தது. "அவ்ளோதானா மாமா?" என்றான் பையன். அவன் போனில் ஆடுவதற்கு முடிவே கிடையாது. தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் நஷ்டம். நாம் விளையாடுகிறோமா, அது நம்மை மேய்க்கிறதா என்றே தெரியலை. எல்லை இல்லாதது விளையாட்டு இல்லை, வேலை. இதுதான் என் கட்சி.

இந்த கேமில் வெனிஸ் பீச் என்று ஒரு களம் வரும். கலிபோர்னியாவில் இருக்கிற நிஜமான கடற்கரை. 1970-களில் அந்தப் பக்கம் கடும் வறட்சி. வீடுகளின் நீச்சல் குளங்கள் தண்ணீரில்லாமல் கிடந்தன. அங்கிருந்த பொடியன்கள் வேலி தாண்டிக் குதித்து, அந்த வளைந்த சிமெண்ட் சுவர்களில் பலகை ஓட்டினார்கள். இன்று உலகம் பார்க்கிற அந்தரச் சாகசங்கள் பலவும் அந்த வறண்ட குளங்களில் வேர்விட்டவைதான்.

எங்க ஊரில் குட்டை வற்றினால் மறுநாளே ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். நான் நிலம் வெடிச்சிருக்கேன்னு தலையில் கை வைத்து நிற்பேன்; பசங்களுக்கு அது மைதானம். தண்ணி இல்லாத இடத்திலும் விளையாட்டு முளைக்கும் போல.

ராத்திரி ஒன்பதரைக்கு மும்முனை கரண்ட் வந்தது. மணியும் அடித்தது, ஆட்டம் முடிந்தது. பையன் போனைத் தேடாமல் டார்ச்சை எடுத்தான். மோட்டார் போட்டுவிட்டு, ரெண்டு பேரும் மடை மாத்தப் போனோம்.

உங்க பரணிலும் ஒரு பெட்டி கிடக்கும். குப்பைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒருதரம் கவிழ்த்து வெச்சுப் பாருங்க.