ஒரு கணினி, இரண்டு இயங்குதளம்: மெனுவில் முதலில் யார்?

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போடுவது எப்படி என்று சொல்ல இணையத்தில் ஏகப்பட்ட வீடியோக்கள் கிடக்கின்றன. பென் டிரைவைச் செருகு, இதை அழுத்து, அதை அழுத்து, முடிந்தது. ஒரு மதிய வேளைக்குள் வேலை ஆகிவிடும். ஆனால் அப்படி டூயல் பூட் போட்ட எங்கள் வகுப்புப் பையன்களில் பலரும் அடுத்த செமஸ்டர் வருவதற்குள் லினக்ஸை அழித்துவிட்டு, "இடம் போதலைடா மச்சி" என்கிறார்கள். ஏன் அப்படி ஆகிறது என்று யாரும் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

என் கட்சி இதுதான்: கணினியை ஆன் செய்தவுடன், நீங்கள் எதையும் தொடாமல் இருந்தால் தானாக எது எழுந்து வருகிறதோ, அதுதான் உங்கள் இயங்குதளம். மற்றது திண்ணையில் படுத்திருக்கும் விருந்தாளி. ஆகவே டூயல் பூட் போடுகிறவர் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம், மெனுவில் யார் முதலில் நிற்பது என்பது. எத்தனை ஜிபி ஒதுக்குவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் கொஞ்சம் அடிப்படை. பழைய பயோஸ் காலத்தில் ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம் இருந்தது. அதிலும் பூட் நிரலுக்குக் கிடைத்தது 446 பைட். இடம் ஒன்று, உட்காருகிறவரும் ஒருவர்தான். விண்டோஸை இன்ஸ்டால் செய்தால் அங்கே ஏற்கெனவே இருப்பவரைக் கேட்காமல் எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். "விண்டோஸை முதலில் போடு, லினக்ஸை அப்புறம் போடு" என்று சீனியர்கள் சொல்வது அந்தக் காலத்து அனுபவம். இன்றைய யூஈஎஃப்ஐ கணினிகளில் இதற்கென்றே ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கிறது. அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனி அறையில் இருக்கலாம். வாசற்படியில் நிற்பது யார் என்பதில்தான் இன்றைக்கும் தகராறு.

இந்தத் தகராறு ஒரு கம்பெனியின் தலையெழுத்தையே மாற்றிய கதை உண்டு. ஆப்பிளில் பெரிய பதவியில் இருந்த ழான் லூயி காஸே 1990-ல் பீ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய இயங்குதளம் பீஓஎஸ். விண்டோஸை ஒழிக்கிறேன் என்று அவர் கிளம்பவில்லை. விண்டோஸுக்குப் பக்கத்தில் தானும் இருக்கிறேன் என்றார். கணினியை ஆன் செய்ததும் திரையில் தெரிகிற மாதிரி வைப்பதாக இருந்தால், தயாரிப்பாளர்களுக்கு பீஓஎஸ்-ஐ இலவசமாகவே தருகிறேன் என்றும் சொன்னார். ஹிட்டாச்சி தன் கணினி வரிசை ஒன்றில் இரண்டையும் சேர்த்துப் போட்டு விற்றது. ஆனால் வாங்கியவர் ஆன் செய்தால் விண்டோஸ் மட்டும்தான் வரும். பீஓஎஸ் டிஸ்க்கில் இருக்கும், மெனுவில் இருக்காது. அதை எழுப்ப வேண்டுமானால் தனியாக வழிமுறைகளைத் தேடிப் பின்பற்ற வேண்டும். எத்தனை பேர் செய்திருப்பார்கள்?

மைக்ரோசாஃப்ட் போட்ட உரிம ஒப்பந்தங்கள்தான் இதற்குக் காரணம் என்பது பீ நிறுவனத்தின் குற்றச்சாட்டு. 2001-ல் பீ தன் சொத்துகளை பாம் நிறுவனத்துக்கு விற்றது. 2002-ல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. 2003-ல் 2 கோடியே 32.5 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசம் ஆனது. தவறு செய்ததாக மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொள்ளவில்லை. இடையில் 2002-ல் அமெரிக்க அரசு தொடுத்த வேறொரு வழக்கின் தீர்ப்பில் ஒரு வரி வந்தது: விண்டோஸ் எழுவதற்கு முன்பே வேறு இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கணினித் தயாரிப்பாளர் கொடுத்தால், அதை மைக்ரோசாஃப்ட் தடுக்கக் கூடாது. பத்து விநாடி வந்து போகிற ஒரு மெனுவுக்காக நீதிமன்றம் தனியாக ஒரு விதி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த மெனுவின் மதிப்பு புரிகிறது அல்லவா?

இப்போது நம்மூருக்கு வருவோம். தமிழக அரசு 2011-ல் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் பல, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தவை. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் உருவாக்கியது. எவ்வளவு பெரிய வாய்ப்பு! கிராமத்துப் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் கையில் இரண்டு இயங்குதளம். ஆனால் நான் விசாரித்த அண்ணன்களும் அக்காக்களும் சொல்வது ஒரே பதில்தான்: "அந்த பாஸா? அதை அழிச்சுட்டு அந்த இடத்துல படம் ஏத்திக்கிட்டோம்." அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது எதற்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை, அதில் செய்யச் சொல்லி ஒரு வீட்டுப்பாடம்கூடக் கொடுக்கவில்லை. ஹிட்டாச்சியில் மெனு இல்லாததால் பீஓஎஸ் தெரியவில்லை. இங்கே மெனுவில் தெரிந்தும், அங்கே போக ஒரு வேலை இல்லை. பலன் ஒன்றுதான்.

"இதெல்லாம் பழைய கதை, இப்ப எதுக்கு?" என்று கேட்கலாம். இப்போதுதான் விஷயம் அவசரமாகியிருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துபோனது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அப்போது கொடுத்த கெடு 2026 அக்டோபர் 13. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2017-க்கு முந்தைய கணினிகள் அநேகமாகத் தேறாது. எங்கள் வகுப்பில் கொஞ்சப் பேர் வைத்திருப்பது அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய அந்த அரசு மடிக்கணினிதான். அதில்தான் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போடுகிறார்கள், தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள், அப்பாவின் வங்கிக் கணக்கைத் திறக்கிறார்கள். புது லேப்டாப் வாங்கித் தா என்று கேட்கிற நிலையில் எல்லா வீடும் இல்லை.

முழுக்க லினக்ஸுக்கு மாறிவிடு என்று சொல்வதும் எளிது. ஆனால் மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஆட்டோகேட் வேண்டும், காமர்ஸ் படிக்கிறவளுக்கு டேலி வேண்டும். இரண்டும் லினக்ஸுக்கு வருவதில்லை. அதனால் நான் சொல்லும் ஏற்பாடு இது: இணையத்தோடு தொடர்புள்ள வேலை எல்லாம் லினக்ஸில். வங்கி, மின்னஞ்சல், விண்ணப்பம், பாட்டு, படிப்பு எல்லாமே. கல்லூரி கேட்கிற அந்த ஒன்றிரண்டு மென்பொருளுக்கு மட்டும் பழைய விண்டோஸ், அதுவும் முடிந்தவரை இணையத்தைத் துண்டித்துவிட்டு. லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ராமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நன்றாகவே ஓடும் என்கிறார்கள் அதை உருவாக்குபவர்கள். பாதுகாப்பு அப்டேட்டும் தொடர்ந்து வருகிறது. ஆனால் இந்த ஏற்பாடு நடைமுறையில் நிலைக்க வேண்டுமென்றால் லினக்ஸ்தான் தானாக எழ வேண்டும். அவசரத்தில் ஆன் செய்தால் விண்டோஸ் வந்து நிற்கும் என்றால், வங்கிக் கணக்கும் அங்கேதான் திறக்கப்படும். மனித சுபாவம் அப்படி.

எதிர்ப்பக்க வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"வெர்ச்சுவல் மெஷின் போதுமே, எதுக்கு டிஸ்க்கை எல்லாம் வெட்டணும்?" 16 ஜிபி ராம் இருக்கிறவர் சொல்லலாம். 4 ஜிபி கணினியில் ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்டினால் இரண்டுமே ஊர்ந்துதான் போகும். தவிர, அடியில் இருப்பது ஆதரவு முடிந்த விண்டோஸ் என்றால் மேலே எதை ஓட்டி என்ன பயன்? லினக்ஸ் கட்டளைகளைப் பழக மட்டும்தான் ஆசை, கணினியும் புதிது என்றால், விண்டோஸுக்குள்ளேயே கிடைக்கிற டபிள்யூஎஸ்எல் போதும். அவர்களை நான் வற்புறுத்த மாட்டேன்.

"அப்டேட் வந்தா பூட் போயிடும்." இது நியாயமான பயம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. டூயல் பூட் கணினிகளில் அது பாயாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. முழுத் தீர்வு வர 2025 மே ஆனது. ஆனால் அப்போதும் யாருடைய ஃபைலும் அழியவில்லை, வாசல் மட்டும் பூட்டிக்கொண்டது. லினக்ஸ் போட்ட அந்த பென் டிரைவை அழிக்காமல் வைத்திருந்தால் பாதி பயம் போய்விடும்.

போடுவதென்று முடிவு செய்தவர்களுக்கு, வீடியோக்கள் அவசரமாகத் தாண்டிப்போகிற சில விஷயங்கள்:

1. பேக்கப். நோட்ஸ், ப்ராஜெக்ட், குடும்பப் படங்கள் எல்லாம் வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும். இதைச் செய்யாமல் அடுத்த வரியைப் படிக்காதீர்கள்.

2. பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் உங்களுக்கே தெரியாமல் பூட்டப்பட்டிருக்கலாம். பூட் வரிசையை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அதை முன்னாடியே எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆமாம், தாளில்தான்.

3. சி டிரைவைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். லினக்ஸுக்கு 20 ஜிபி ஒதுக்கிவிட்டு "டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்" என்றால் அழிப்பதற்கு இப்போதே நாள் குறித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மின்ட்டுக்கு 20 ஜிபி குறைந்தபட்ச அளவு, அவ்வளவுதான். வசதியாக இருக்க 100 ஜிபி என்கிறார்கள். டிஸ்க் சின்னதென்றால் 60 ஆவது கொடுங்கள்.

4. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் இருக்கிற வசதி இது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது, அரைத் தூக்கம். அந்த நேரத்தில் அதன் டிரைவை லினக்ஸ் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாமல் போகலாம்.

5. விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் பதறாதீர்கள். மதர்போர்டில் இருக்கும் நேரத்தை விண்டோஸ் நம்மூர் நேரம் என்று நினைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரம் என்று நினைக்கும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். லினக்ஸில் அதற்கு ஒரே ஒரு கட்டளைதான்.

6. கடைசியாக, நம் விஷயம். இன்ஸ்டால் முடிந்ததும் யூஈஎஃப்ஐ அமைப்புக்குள் போய் லினக்ஸின் பெயர் வரிசையில் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். மெனு வரும்போது அதிலும் லினக்ஸே முதல் வரியாக இருக்கட்டும். மெனு காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்யமாக்காதீர்கள். பத்து விநாடி வீணாகிறதே என்று தோன்றும். விண்டோஸுக்குப் போக வேண்டுமென்றால் கை நீட்டி அம்புக்குறியை அழுத்த வேண்டும், "எதுக்குப் போறேன்?" என்று ஒரு நொடி யோசிக்க வேண்டும். அந்தப் பத்து விநாடியின் வேலையே அதுதான்.

லினக்ஸ் உசத்தி, விண்டோஸ் மட்டம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. வேலோரண்ட் ஆடுகிற பயல் விண்டோஸை முதலில் வைத்துக்கொள்ளட்டும், அது அவன் கணக்கு (லினக்ஸில் அது ஓடாது). அவனாக யோசித்து வைத்தால் சரி. கடைக்காரர் வைத்துக் கொடுத்ததை, அப்டேட் மாற்றி வைத்ததை, "தானா அப்படித்தான் வருது" என்று ஏற்றுக்கொண்டு நான்கு வருடம் ஓட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இன்ஜினியரிங் படிக்கிறோம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்!

பழைய மடிக்கணினி வீட்டில் தூங்குகிறதா? இந்த சனி, ஞாயிறில் எடுத்துத் தூசி தட்டுங்கள். விண்டோஸ் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். லினக்ஸைப் போட்டு முதல் வரியில் வையுங்கள். ஒரு மாதம் அதில் படித்து, எழுதி, கட்டணம் கட்டிப் பாருங்கள். அதற்கப்புறமும் "சரிப்படலை" என்றால் தாராளமாக அழியுங்கள். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். :-)