தொடக்கியவர் யார் என்ற கேள்வி

2018ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டி, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகிக்கப்பட்டு, ஊரார் பலர் கூடி அடித்ததில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூலை முதல் தேதியன்று, மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ராயின்பாடா கிராமத்தில், யாசித்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அதே சந்தேகத்துக்குப் பலியானார்கள். கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தாவி வந்த வதந்திதான் இரண்டு இடங்களிலும் ஜனங்களின் மனத்தைக் கொலைக்குப் பக்குவப்படுத்தி வைத்திருந்தது. இத்தகைய கொடுமை நிகழும்போதெல்லாம் அரசாங்கமும் பத்திரிகைகளும் நாமும் முதலில் கேட்பது, இதைத் தொடக்கியவர் யார் என்றுதான். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் அந்தக் கேள்விக்குச் சட்ட வடிவமே கொடுத்து, ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டும் வசதியைப் பெரிய செய்திச் சேவைகள் செய்துகொள்ள வேண்டும் என்று விதித்தன. தலைமையில்லாமல் பெருங்கூட்டங்கள் எவ்வாறு ஒரு காரியத்தில் இறங்குகின்றன என்பதை ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மைகளை வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வி விடையைத் தவறான இடத்தில் தேடுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளில் வளர்க்கப்படும் தேனீயின் கூட்டில் ஜனத்தொகை பெருகியதும், வசந்தத்தின் இறுதியில், பழைய ராணியும் பாதிக்கு மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களும் கூட்டை விட்டு வெளியேறி, பக்கத்து மரக்கிளை ஒன்றில் கொத்தாகத் தொங்குகின்றன. சுமார் 10,000 உயிர்கள் கொண்ட அந்தக் கொத்துக்குப் புதிய வீடு வேண்டும். அதைத் தேடப் புறப்படுபவை சில நூறு வேவுத் தேனீக்களே. 1949இல், மியூனிக் நகரத்தில், தேனீ ஆராய்ச்சியாளர் கார்ல் வான் ஃபிரிஷின் மாணவரான மார்ட்டின் லிண்டவர், அவ்வாறு தொங்கிய ஒரு கொத்தின்மேல் நடனமாடிய தேனீக்களில் சில, மகரந்தத்துக்குப் பதிலாகப் புகைக்கரியும் செங்கல் தூளும் பூசியிருந்ததைக் கவனித்தார். யுத்தத்தில் இடிந்து கிடந்த அந்நகரின் புகைபோக்கிகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் புகுந்து, குடியேற இடமுண்டா என்று பார்த்துவிட்டு வந்தவை அவை என்று அவர் அறிந்ததிலிருந்து இந்த ஆராய்ச்சி தொடங்குகிறது. அவருக்குப் பின் அமெரிக்கரான தாமஸ் சீலி, மேய்ன் மாநிலக் கரைக்கு அப்பால், பொந்துடைய பெருமரங்கள் இல்லாத ஆப்பிள்டோர் என்ற சிறு தீவில், 40 லிட்டர் கொள்ளளவுள்ள நல்ல பெட்டியையும் அதனிற் சிறிய பெட்டிகளையும் வைத்து, தேனீக்கள் எதை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று பல ஆண்டுகள் பரிசோதித்தார்.

ஒரு வேவுத் தேனீ, தான் கண்ட பொந்துக்குள் அரை மணி நேரம் போல நடந்து அதன் விஸ்தீரணத்தையும் வாசலையும் சோதித்துவிட்டுத் திரும்பி, கொத்தின்மேல் நடனமாடி, திசையையும் தூரத்தையும் அறிவிக்கிறது. இடம் நன்றாக இருந்தால் அதிகச் சுற்றுகள், சுமாராக இருந்தால் குறைந்த சுற்றுகள். இதுவரை பலரும் கேள்விப்பட்டதே. அதை அடுத்து நடப்பதுதான் என் மனத்தைப் பல நாள் ஆட்கொண்டிருந்த விஷயம். நடனத்தைப் பின்தொடர்ந்து செய்தியைக் கற்றுக்கொண்ட மற்றொரு தேனீ, உடனே தானும் அதே நடனத்தை ஆடத் தொடங்கிவிடுவதில்லை. அது பறந்து போய், அந்தப் பொந்தைத் தானே பிரத்தியட்சமாகப் பார்த்து, தன் மதிப்பீடு எதுவோ அதற்குத் தக்க அளவே திரும்பி வந்து ஆடுகிறது. மிக உயர்ந்த இடத்தைக் கண்ட தேனீயும்கூட, ஒவ்வொரு முறை போய் வரும்போதும் சுற்றுகளைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறது. ஆதலால், தவறான மதிப்பீடு ஒன்று கூட்டத்துக்குள் நுழைந்தாலும், புதிய கண்கள் போய்ப் பார்த்து அதை ஊர்ஜிதம் செய்யாத வரையில், அது தானாகவே தேய்ந்து மறைகிறது. போட்டி இடத்தைச் சேர்ந்தவை, ஆடுகின்ற தேனீயைத் தலையால் முட்டி, ஆட்டத்தை அடக்குவதும் உண்டென்று 2012இல் சீலியும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். ஏதேனும் ஓரிடத்தில் ஒரே சமயத்தில் இருபது முப்பது வேவுத் தேனீக்கள் கூடிவிட்டால், அவை திரும்பி வந்து கொத்தைக் கிளப்புகின்றன. எல்லாம் உடலைச் சூடேற்றிக்கொண்டு ஒன்றாகப் பறந்துபோகின்றன. ராணியும் உடன் பறக்கிறதே தவிர, இந்த முடிவில் அதற்குப் பங்கே இல்லை.

இதைப் படித்துவிட்டு, தலைவன் இல்லாத கூட்டம் எப்போதும் அறிவோடு நடக்கும் என்று எவரேனும் மகிழ்வாரானால், அவர் படையெறும்புகளைப் பற்றியும் படிக்க வேண்டும். பிரிட்டிஷ் கயானாவின் காட்டில் இயற்கையியலாளர் வில்லியம் பீபி கண்ட ஓர் எறும்புப் படை, எவ்விதமோ தன் பழைய தடத்தையே வந்து தொட்டு, சுமார் 1,200 அடிச் சுற்றளவுள்ள வட்டமாக மாறி, ஓர் எறும்பு ஒரு சுற்றை முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும்படி, களைத்து விழுந்து மடியும் வரையில் சுற்றிக்கொண்டேயிருந்தது. ஏறக்குறைய குருடான அந்த எறும்பு, முன்னே போனவை இட்ட வாசனையை நம்பிப் போகிறது. போகும்போது தன் வாசனையையும் அதன்மேல் இட்டு, பின்னால் வருகிறவற்றுக்கு அந்தத் தடத்தை இன்னும் உறுதியாக்குகிறது. தடம் எங்கே கொண்டுபோகிறது என்று எதுவும் தனியே போய்ப் பார்ப்பதில்லை. அந்த வட்டத்தில் முதல் எறும்பு எது என்று கேட்டு நாம் அறியப்போவது ஒன்றுமில்லை. அதைக் கண்டுபிடித்து அகற்றினாலும் வட்டம் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

2018இல் பிள்ளை பிடிப்பவர் வதந்தியைச் சுமந்து நம் நாட்டில் பரவிய காணொளிகளில் ஒன்று, பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்த எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் முடிவை வெட்டி எறிந்துவிட்டு, உண்மையாக நடந்த கடத்தல் போலச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். வெட்டியவர் அகப்பட்டால் தண்டிக்கப்பட வேண்டியவரே. ஆனால் அதைப் பெற்றுப் பிறருக்கு அனுப்பிய எண்ணற்ற தாய்மார்களும் தகப்பன்மார்களும், தங்கள் தெருப் பிள்ளைகளின்மேல் வைத்த அன்பினால் அனுப்பியவர்கள். அவர்களில் ஒவ்வொருவரும், தாம் பார்க்காத ஒன்றுக்குத் தம் பெயரின் நம்பிக்கையைச் சேர்த்து அனுப்பினார்கள். சேதம் விளைந்தது அந்தச் சேர்க்கையில்.

இதனால்தான், அதே 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கொண்டுவந்த வரம்பை, முதலில் அனுப்பியவரைத் தேடும் விதியைக் காட்டிலும் அறிவார்ந்ததாகக் கருதுகிறேன். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு சமயத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று அது மேலும் சுருங்கியது. அதன்பின் அவ்வகைச் செய்திகளின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. தேனீயின் நடனம் தேய்வது போன்ற காரியம் இது. அதே ஆண்டில் ட்விட்டர், கட்டுரையைத் திறந்து பார்க்காமலே பகிர முற்படுவோரிடம், முதலில் படிக்கிறீர்களா என்று கேட்கத் தொடங்கியது. அது தேனீக்களின் மற்றொரு விதியின், அதாவது தானே போய்ப் பார்த்தல் என்பதன், எளிய வடிவம்.

மனிதர் தேனீக்கள் அல்லர் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அந்தக் கொத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே நலன். பொய் நடனமாடி லாபமடையும் தேனீ கிடையாது. நம்மிடையே வதந்தியால் வாக்கும் பணமும் சம்பாதிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டம் வேண்டும். ஆனால் அந்தச் சிலரைப் பிடிக்கும்பொருட்டு, கோடிக்கணக்கான பிரஜைகள் தம்முள் பேசும் அந்தரங்கத்தையெல்லாம் திறந்துவைக்கும் ஏற்பாடு—இதை எதிர்த்து வாட்ஸ்அப் 2021இல் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது—மிக அதிகமான விலை என்றே எனக்குப் படுகிறது. அந்த விலையைக் கொடுத்த பிறகும் வட்டம் நிற்காது.

அரசாங்கம் செய்ய வேண்டிய காரியம் வேறொன்று இருக்கிறது. வேவுத் தேனீக்குப் பறந்துபோய்ப் பார்க்க ஒரு பொந்து இருக்கிறது. ஊரில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று இரவில் செய்தி பெறும் ஒரு தாய்க்கு, அது மெய்யா என்று போய்ப் பார்க்க இடம் எது? ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அதற்கென்றே ஒரு தொலைபேசி எண்ணும், அந்த எண் ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் எழுதி வைக்கப்பட்டிருப்பதும், நள்ளிரவில் அழைத்தாலும் எடுத்து, விசாரித்துப் பதில் சொல்லும் ஓர் ஆளும் வேண்டும்.