தலைவிதியும் ஆட்டவிதியும்

2024ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த பாராலிம்பிக் போட்டிகளில் இந்தியா 29 பதக்கங்களை வென்றது. 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம். உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு, பாட்மிண்டனில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் என்று தமிழகத்தார் நால்வர் அப்பட்டியலில் உண்டு. அந்த நாட்களில் நம் நாளேடுகளும் வார இதழ்களும், முகநூலில் எழுதும் இலக்கியவாதிகளும்கூட, ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள்: ஊனம் ஒரு தடையல்ல.

இவ்வாக்கியத்தை நாம் ஏற்பதற்கில்லை. பார்வைக்கு அது ஒரு பாராட்டு; உள்ளே இருப்பது ஒரு தீர்ப்பு. வென்றவர் மன உறுதியால் வென்றார் என்று எழுதும்போதே, வெல்லாதவரிடம் அந்த உறுதி இல்லை என்றும் எழுதிவிடுகிறோம். இந்தச் சோழபுரத்திலோ, ராஜபாளையத்திலோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கழுத்துக்குக் கீழே அசைவின்றிக் கட்டிலில் கிடப்பவர் அவருடைய மனத்தின் குறையால்தான் அங்கே கிடக்கிறார் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். அப்புறம் சாலைக்கும் பேருந்துக்கும் மருத்துவமனைக்கும் பொறுப்பேற்க யாரும் மிஞ்சுவதில்லை.

அந்த 29 பதக்கங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். வில்வித்தையில் ஷீதல் தேவியும் ராகேஷ் குமாரும் இணைந்து பெற்ற வெண்கலத்தை நீக்கினால், மீதமுள்ள 28உம் தனியாள் பதக்கங்கள். ஒரு வீரர், ஒரு பயிற்சியாளர், ஒரு தாய், ஒரு கடன் என்று கதையாகச் சொல்லக்கூடிய வெற்றிகள். அவற்றின் மதிப்பை நாம் குறைக்கவில்லை. 5 வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கிய ஒருவர் 2016, 2021, 2024 என அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் பெறுவது உலகில் எந்த நாட்டிலும் பெரிய காரியம்தான். ஆனால் தனியாள் வெற்றி ஒரு நாட்டைப் பற்றிச் சொல்வது குறைவு. நாடு கைவிட்டபோதும் ஒருவர் வெல்லக்கூடும். நாடு கைவிட்டால் உருவாகவே முடியாத அணி ஒன்று உண்டு. அது சக்கர நாற்காலி ரக்பி அணி.

அதே பாரிஸில் சக்கர நாற்காலி ரக்பியின் தங்கத்தை ஜப்பான் பெற்றது. இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை 48–41 என்று வென்றது. இந்த அணி முதன்முதலாகப் பாராலிம்பிக்கில் ஆடியது 2004இல், ஏதென்ஸில். எட்டு அணிகளில் எட்டாவது இடம். 2008இல் ஏழாவது, 2012இல் நான்காவது, 2016இல் வெண்கலம், 2018இல் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 62–61 என வென்று உலகக் கோப்பை, 2021இல் மீண்டும் வெண்கலம், 2024இல் தங்கம். கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்கு இருபது ஆண்டுகள். பாரிஸில் ஆடிய எட்டு அணிகளில் இந்தியா இல்லை. பாராலிம்பிக்கின் எந்தச் சக்கர நாற்காலி ரக்பிக் களத்திலும் இந்தியா இதுவரை இறங்கியதில்லை.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகருக்காகச் சில சொற்கள். 1970களின் பிற்பகுதியில் கனடாவின் வின்னிபெக் நகரில், கை கால் நான்கும் பாதிக்கப்பட்ட சிலர் இதை உருவாக்கினார்கள். சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் கைவலு உள்ளவர்களுக்கே வேலை. விரல் மடங்காதவர்கள் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஓரத்தில் உட்கார மறுத்தவர்களின் ஆட்டம் இது. கூடைப்பந்துக் களம்தான் இதற்கும். கைப்பந்தைப் போன்ற பந்து. மடியில் பந்தை ஏந்திக்கொண்டு எதிரணியின் கோட்டை இரு சக்கரங்களும் தாண்டினால் ஒரு புள்ளி. பந்தைப் பத்து நொடிக்கு ஒருமுறை தரையில் தட்டவோ மற்றவரிடம் தரவோ வேண்டும். நாற்காலியால் நாற்காலியை மோதலாம். உடலைத் தொடக் கூடாது. மோதலின் ஓசையைக் கேட்டவர்கள் இதற்கு முதலில் ‘மர்டர்பால்’ என்ற பெயர் ஏன் வந்தது என்று கேட்கமாட்டார்கள்.

இவ்வாட்டத்தின் உயிர் ஒரு விதியில் இருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் அவர் உடலின் இயக்கத்தைச் சோதித்து 0.5 முதல் 3.5 வரை ஒரு மதிப்பு தருகிறார்கள். மிகக் கடுமையான பாதிப்பு 0.5, ஒப்பளவில் குறைந்த பாதிப்பு 3.5. களத்தில் நிற்கும் நால்வரின் மதிப்பைக் கூட்டினால் 8ஐத் தாண்டக் கூடாது. பெண் ஒருவர் ஆடினால் அந்த வரம்பு அரைப் புள்ளி உயரும். எளிய கூட்டல்தான். வலுவுள்ள 3.5 வீரர்கள் இருவரைக் களமிறக்கினால் 7 தீர்ந்துவிட்டது. மிஞ்சிய ஒன்றுக்குள் இரண்டு 0.5 வீரர்கள் வேண்டும். வலுவானவர்களை மட்டுமே பொறுக்கி ஓர் அணி அமைக்க வழியே கிடையாது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பயிற்றுவித்தாக வேண்டும். கருணையினால் வந்த கட்டாயம் இது என்று எண்ண வேண்டாம். அவரின்றி ஆட்டமே கிடையாது.

அந்த 0.5 வீரர் களத்தில் என்ன செய்கிறார்? பெரும்பாலும் பந்து அவர் கைக்கு வருவதில்லை. எதிரணியின் வேகக்காரரை மறிப்பதும், தம் நாற்காலியின் முன்கம்பியை அவர் சக்கரத்தில் கொளுவி நிறுத்துவதும், தம் அணியினர் புகுந்து செல்ல வழி திறப்பதும் அவர் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோர் கண்ணுக்குத் தெரிவார்கள். சக்கரத்தின் அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுபவர்களை யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் தேர் வீதி திரும்பாது. முட்டுக்கட்டை என்ற சொல்லையே இடையூறு என்று பொருள் மாற்றி வைத்திருக்கும் நாம், மிகக் குறைந்த வலுவுள்ளவரின் பங்கை எப்படி அறிவோம்?

சரி, 0.5 மதிப்புள்ள வீரர் எங்கிருந்து வருவார்? பெரும்பாலும் கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடம் சிதைந்தவர்களிடமிருந்து. அதாவது, அவர் முதலில் உயிரோடு இருக்க வேண்டும். தண்டுவடம் அடிபட்டவரைக் கொல்வது பெரும்பாலும் அந்த அடி அன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மான் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது, இத்தகையோர் சில மாதங்களில் இறப்பது இயல்பென்றே மருத்துவ உலகம் நம்பியது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப் பையைத் தூய்மையாகக் கவனிப்பது, எழுப்பி உட்கார வைப்பது, விளையாட வைப்பது என்று குட்மான் செய்தவற்றில் அற்புதம் ஏதுமில்லை, ஒழுங்கு இருந்தது. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரைக் கொண்டு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்தே பாராலிம்பிக் முளைத்தது.

1960இல் அங்கே சென்று கற்றுத் திரும்பியவர் ஜப்பானிய மருத்துவர் யுதாகா நாகமுரா. 1964 டோக்கியோ பாராலிம்பிக் அவருக்குத் தந்தது பெருமிதத்தைவிட அதிர்ச்சியையே. வெளிநாட்டு வீரர்கள் வேலையும் குடும்பமும் உள்ளவர்களாக வந்தார்கள். ஜப்பானிய வீரர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்தார்கள். மறு ஆண்டே, 1965இல், பெப்பு நகரில் ‘சூரியனின் இல்லம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு தொழிலகத்தைத் தொடங்கினார். தருமம் வேண்டாம், வாய்ப்பு வேண்டும் என்பது அதன் கொள்கை. பாரிஸில் கிடைத்த தங்கத்தின் வேர் அங்கிருந்து தொடங்குகிறது. எட்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு இருபது ஆண்டுகள் என்றோம். அந்த எட்டாம் இடத்துக்கு வந்து சேரவே அதற்கு முன் நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஜப்பான் பணக்கார நாடு, நமக்கேது வழி என்பார்கள். இங்கேதான் நாம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் அவர் முயற்சியால் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. பெப்புவுக்கும் வேலூருக்கும் ஓராண்டுதான் இடைவெளி. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியைப் பாருங்கள். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் ச. இராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கழுத்து முறிந்தவர் இந்த மண்ணில் நெடுங்காலம் வாழவும் முடியும், ஆயிரக்கணக்கானோரை வாழவைக்கவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1972இல் ஹைடல்பர்க்கில் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்ற முரளிகாந்த் பெட்கர், 1965 போரில் குண்டடிபட்ட படைவீரர். ஆக, அறிவும் மருத்துவரும் முன்னுதாரணமும் நமக்குப் புதிதல்ல. மருத்துவமனையின் வாசலுக்கும் விளையாட்டுக் களத்துக்கும் இடையே இருக்கவேண்டிய பாதைதான் போடப்படவில்லை. மேரி வர்கீஸையும் இராமகிருஷ்ணனையும் தனித்தனி அதிசயங்களாக்கி மாலையிட்டுவிட்டு, அவர்கள் காட்டிய ஒழுங்கை மாவட்டந்தோறும் பரப்பாமல் விட்டோம்.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். மலையடிவாரத்துத் தென்னந்தோப்புகளில் மரமேறி விழுந்தவர்கள், கிணற்று வேலையில் சரிந்தவர்கள், மதுரை–கொல்லம் சாலையில் இருசக்கர வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்து பிழைக்கும் ஊர். நாட்டின் புண்களைக் கட்டும் துணியை நெய்கிற வட்டாரம் இது. இங்கே ஒருவருக்குப் படுக்கைப் புண் வந்தால் அதை அவர் தலைவிதி என்கிறோம்.

2021இல் தமிழக அரசு நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லாப் பயணம் வழங்கியது. நல்ல ஆணை. ஆனால் நம் ஊர்ப் பேருந்தின் செங்குத்தான படிகளில் சக்கர நாற்காலி எப்படி ஏறும்? சீட்டு இலவசம், ஏறத்தான் வழியில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கெல்லாம் வகை செய்தது. அதன் கீழ் அமைந்த விதிகளோ வெறும் பரிந்துரைகளாக இருந்தன. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் இதைத்தான் கண்டித்தது. பரிந்துரை போதாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்றது. ரக்பிக் களத்தின் 8 புள்ளி சொல்வதும் அதுவே. கடைசி மனிதரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொண்டிருந்தால் யாரும் சேர்த்திருக்கமாட்டார்கள். விதியாக எழுதினார்கள், சேர்த்தாக வேண்டியதாயிற்று.

ஏற்கெனவே அடிபட்டவர்கள் மோதிக்கொள்ளும் ஆட்டம் எதற்கு, சதுரங்கம் ஆடலாமே என்று பரிவோடு கேட்பவர்கள் உண்டு. இந்தப் பரிவை நாம் அஞ்சுகிறோம். நடக்கிறவன் ஜல்லிக்கட்டில் இறங்கினால் வீரம். நாற்காலியில் இருப்பவன் மோத விரும்பினால் ஆகாது. விழுகிற உரிமையும் சேர்ந்ததுதான் மனித உரிமை. பணம் ஏது என்பது அடுத்த கேள்வி. ஆட்ட நாற்காலியின் விலை லட்சங்களில் என்பது உண்மையே. ஆனால் அது கடைசிச் செலவு. முதற்செலவு புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்த ஒரு செவிலியர், புண் வராத மெத்தை, சுத்தமான சிறுநீர்க் குழாய், வாசலில் ஒரு சாய்தளம். இவற்றுக்குக் கைவிரிக்கும் ஒரு மாநிலம் தன்னை வளர்ந்த மாநிலம் என்று சொல்லிக்கொள்ளலாகாது.

இலக்கிய வாசகரிடம் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்? நம் இலக்கிய வரலாற்றில் இரட்டைப் புலவர்கள் இருந்தார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் நடவாது. நடப்பவர் தோளில் பார்ப்பவர். வெண்பாவின் முற்பாதியை ஒருவர் சொல்லப் பிற்பாதியை மற்றவர் முடித்தார் என்று படிக்கிறோம். ஒருவரின் குறையை மற்றவரின் நிறையோடு கூட்டிக் கணக்கை நேர்செய்த முதல் அணி அது. அவர்கள் கதையை வியந்து சொல்லும் நம் இலக்கிய அமைப்புகளே, வாடகை குறைவு என்று முதல் மாடி அரங்குகளில் கூட்டம் நடத்துகின்றன. இன்று அவ்விருவரும் வந்தால் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுவார்கள். தோளில் சுமப்பவர் கிடைத்தால் வரட்டும் என்பதுதானே இதன் பொருள்?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் தண்டுவடக் காயத்துக்கென மறுவாழ்வுப் பிரிவும், வீடு திரும்பிய பின் தேடி வரும் செவிலியரும். உச்ச நீதிமன்றம் கேட்ட கட்டாய விதிகள், சோழபுரத்துக்கு வரும் பேருந்து வரைக்கும். மூன்றாவது நம்மைப் போன்று எழுதுவோரிடம்: அடுத்த முறை ஒருவர் பதக்கம் வாங்கும்போது அவர் மன உறுதியை விட்டுவிட்டு, அவர் ஊர்ப் பேருந்தின் படி எத்தனை அங்குல உயரம் என்று எழுதுங்கள்.