பகிர்வதும் சாட்சியமே



மக்கள் தொடர்பும் சமூக ஊடகமும் எங்கள் பிழைப்பு. பல்லடம் வட்டாரத்துச் சிறு நிறுவனங்களுக்குப் பத்திரிகைக் குறிப்பு எழுதுவதும், அவர்களுடைய முகநூல் பக்கங்களைப் பராமரிப்பதும், சிக்கல் எழும்போது எதை, எப்போது, யார் சொல்வது என்று ஆலோசனை கூறுவதும் எங்கள் அன்றாட வேலை. "இல்லாததை இருப்பதாகக் காட்டும் தொழில்தானே உங்களுடையது?" என்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நண்பர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், ஒரு வதந்தி எப்படிக் கிளம்புகிறது, அதற்கான மறுப்பு ஏன் உரியவர்களைச் சென்றடைவதில்லை என்பதை அருகிலிருந்து காணும் வாய்ப்பை இத்தொழில் எங்களுக்குத் தந்திருக்கிறது. அதிலிருந்து நம் சமுதாயம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு என்று கருதுகிறோம்.

முதலில் நம் ஊர்ச் செய்தி. பல்லடம் என்றதும் தமிழகத்தார் நினைவுக்கு வருபவை விசைத்தறியும் கறிக்கோழியும். கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையை நிர்ணயிக்கும் ஒருங்கிணைப்புக் குழு இங்குதான் இயங்குகிறது. நிறுவனங்கள் குஞ்சும் தீவனமும் மருந்தும் தர, விவசாயிகள் தம் பண்ணையில் ஏறத்தாழ நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்து, கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி பெறுகின்றனர். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோழிக்கறி உண்டால் கொரோனா தொற்றும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று மத்தியக் கால்நடைத் துறை அறிவித்தது. பிப்ரவரி இறுதியில் ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையிலேயே கோழிக்கறி உண்டு காட்டினர். இருந்தும், கொள்முதல் விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே சரிந்தது. கர்நாடகத்தில் பண்ணையாளர் சிலர் கோழிகளை உயிரோடு குழியில் கொட்டி மூடிய காட்சிகளையும் அப்போது கண்டோம்.

மறுப்பு ஏன் தோற்றது? வதந்தியை அனுப்பியவர் அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர். மறுத்தவரோ எங்கோ இருக்கும் அதிகாரி. வதந்தி "உன் பிள்ளைக்கு ஆபத்து" என்றது. மறுப்பு "ஆதாரம் இல்லை" என்றது. பிள்ளையின் உயிரைப் பற்றிய அச்சத்தின் முன்னே அலுவலக மொழி எடுபடாது.

அதே ஆண்டு மார்ச் இறுதியில் தப்லீக் ஜமாஅத்தினர் மீது வீசப்பட்ட பழியை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். நோய்த்தொற்றுக்கு ஒரு சமயத்தின் பெயரே சூட்டப்பட்டது. காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு வாங்கும் நிலை நாட்டின் பல பகுதிகளில் ஏற்பட்டது. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றும், ஊடகங்களில் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. பழி பரவச் சில நாள்களே போதுமாயிருந்தன. தீர்ப்பு வர ஏறத்தாழ ஐந்து மாதம் ஆயிற்று. பழியைப் பகிர்ந்த குழுக்களில் எத்தனை குழுக்கள் தீர்ப்பையும் பகிர்ந்தன?

மூன்றாவது நிகழ்வு நம் மாவட்டத்தையே உலுக்கியது. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர் என்ற காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. பின்னலாடை ஆலைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் பணிபுரிந்த தொழிலாளர்களுக்குச் சொந்த ஊரிலிருந்து பதறிய அழைப்புகள் வந்தன. ஹோலிப் பண்டிகைக்காக ஊர் திரும்புவோரின் வழக்கமான கூட்டத்தோடு அச்சத்தால் கிளம்பியவர்களும் சேர்ந்துகொண்டனர். அக்காணொளிகளில் ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்கு இடையே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது என்று அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு காணொளி வாயிலாகவே விளக்கினார்.

இம்முறை மறுப்பு ஓரளவு வென்றது. அதற்குரிய காரணங்களை எங்கள் தொழிலில் இருப்போர் கவனித்தோம். அறிவிப்பு உடனே வந்தது. அச்சமடைந்தவர்களின் மொழியான ஹிந்தியிலும் அது சொல்லப்பட்டது. காவல்துறையினர் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடங்களுக்கே சென்று பேசினர், உதவி எண்களை அறிவித்தனர். பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு திருப்பூருக்கு வந்து தம் மக்களிடம் நேரில் கேட்டறிந்தது. யார் சொன்னால் அவர்கள் நம்புவார்களோ, அவர்களே வந்து சொன்னார்கள். பொய்யைப் பரப்பியோர் மீது வழக்குகளும் பதிவாயின. அவர்களுள் ஒருவர் ஓர் அரசியல் கட்சியின் செய்தித் தொடர்பாளர் என்பது எங்கள் தொழிலுக்கே தலைகுனிவு. மன்னிப்புக் கேட்குமாறு உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் அவருக்கு அறிவுறுத்தியது.

இவை யாவும் பிறர் நமக்கும் நம் ஊருக்கும் செய்தவை. நாம் செய்வது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் வேற்று மாநிலப் பள்ளிவாசல் ஒன்று இடிக்கப்பட்டதாக ஒரு படம் எங்களுக்கு வந்தது. நெஞ்சு பதைத்தது. அந்தப் பதைப்போடு எங்கள் மஹல்லாக் குழுவில் பகிர்ந்தோம். இரண்டு நாள் கழித்து, அது வேறொரு நாட்டில் நிலநடுக்கத்தில் சிதைந்த கட்டடத்தின் பழைய படம் என்று அறிந்தோம். உடனே நீக்கிவிட்டோம். ஆனால், "நாங்கள் பகிர்ந்தது தவறு" என்று ஒரு வரி எழுதவில்லை. பகிர்ந்ததைவிட அந்த மௌனமே இன்றும் எங்களை உறுத்துகிறது. செய்தி சரிபார்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கே இந்நிலை என்றால், மற்றவர்களைக் குறைகூற எங்களுக்குத் தகுதி இல்லை.

அல்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம், தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தெளிவாக விசாரித்தறியுமாறு நமக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்த நேரும் என்பதே அதற்குரிய காரணம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பிய நிகழ்வை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதைத் தொடங்கியவன் நயவஞ்சகன். நாவிலிருந்து நாவுக்குக் கடத்தியவர்களிலோ உண்மையான ஈமான் கொண்டவர்களும் இருந்தனர். ஏறத்தாழ ஒரு மாத காலம் நபி (ஸல்) அவர்களின் இல்லமே துயரில் ஆழ்ந்தது. பகைவன் பொய்யை உருவாக்கலாம். அதை ஊரெங்கும் கொண்டுசேர்க்க அவனுக்கு நல்லவர்களின் நாவு தேவைப்படுகிறது. இன்று அந்நாவின் வேலையை நம் விரல் செய்கிறது.

"எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கு இழைக்கப்படும் அநீதியை யார் வெளியே சொல்வது?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. பெரிய ஊடகங்கள் கண்டுகொள்ளாத பல கொடுமைகளைச் சாமானியரின் கைபேசிகளே வெளிக்கொணர்ந்தன. ஆனால், பத்து உண்மைப் படங்களுக்கு நடுவே ஒரு பொய்ப் படம் கலந்தால், எதிர்த்தரப்பு அந்த ஒன்றைக் காட்டியே பத்தையும் பொய்யென்று தள்ளிவிடும். நம் அவசரத்தால் இழப்பு அடைபவர் உண்மையிலேயே பாதிக்கப்பட்ட அந்தப் பத்துப் பேர்தாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர், குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டார். அவ்வதந்தியைப் பகிர்ந்தவர்களும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே எண்ணியிருப்பார்கள். நல்ல நோக்கம் மட்டும் போதாது.

எனவே, நம் ஜமாஅத்துகளின் முன் சிலவற்றை வைக்கிறோம். ஊர் தொடர்பான செய்திகளுக்குப் பதில் சொல்ல ஒவ்வொரு மஹல்லாவும் பொறுப்பான ஒருவரை நியமிக்கட்டும். அவர் தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லட்டும். தவறான செய்தியைப் பகிர்ந்தவர், பகிர்ந்த அதே குழுவில் திருத்தத்தையும் எழுதட்டும். ஓசையின்றி நீக்குவது பரிகாரம் ஆகாது. கூட்டத்தில் சொன்ன பழியைத் தனியறையில் திரும்பப் பெற முடியாதல்லவா? உள்ளூர்ச் செய்தியாளர், காவல் நிலையம், கோயில் கமிட்டியினர், தேவாலயப் பொறுப்பாளர் ஆகியோருடனான உறவைச் சிக்கல் வராத நாளிலேயே வளர்த்துக்கொள்வோம். நெருக்கடி வந்த பிறகு அறிமுகம் செய்துகொள்பவரை யாரும் நம்புவதில்லை.

நம் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்கு வரும் வட மாநிலத் தொழிலாளர்களையும் மறந்துவிட வேண்டாம். நம்மில் உருது பேசும் குடும்பங்கள் உண்டு. தொழுகை முடிந்ததும் அவர்களுள் ஒருவர் அருகில் சென்று நலம் விசாரித்தால், அடுத்த வதந்தி வரும் நாளில் ஊரிலிருந்து பதறி அழைக்கும் தாயிடம், "இங்கே எனக்கு மனிதர்கள் இருக்கிறார்கள்" என்று அத்தொழிலாளி சொல்வார். எந்தப் பத்திரிகைக் குறிப்பும் அந்தச் சொல்லுக்கு ஈடாகாது. இதை, பத்திரிகைக் குறிப்பு எழுதியே பிழைக்கும் நாங்கள் சொல்கிறோம்.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டால், கண்ணால் காணாததைக் கண்டேன் என்று சொல்ல நாம் அஞ்சுவோம். கைபேசியில் பகிர்வதும் ஒரு சாட்சியமே. அதற்கும் ஒருநாள் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அச்சத்தையும் நிதானத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.