மணம் வந்தால் சாம்பிராணி போடாதீர்கள்

நமது சங்கக் கூட்டங்களில் வாடகை, வரி, வங்கிக் கடன், பெரிய கடைகளின் போட்டி என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். கடைக்குக் கீழே, நிலக்கீழ் அறையில் உறுமிக்கொண்டிருக்கும் எண்ணெய்ச் சூடேற்றியைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அது நின்றுபோய்க் குளிர் எலும்பைத் தொடும்போதுதான் அதன் நினைவு வருகிறது. இந்த அலட்சியத்தால் நான் பட்ட பாட்டைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சக வியாபாரி ஒருவருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் பெரும்பாலான கடைகளுக்கு இயற்கை வாயு வந்துவிட்டது. எனினும் ஒன்ராறியோவின் சிறு நகரங்களிலும், வாயுக் குழாய் எட்டாத தெருக்களிலும், சில பழைய கட்டடங்களிலும் இன்றும் எண்ணெய்தான் எரிகிறது. இது நாம் விற்கும் நல்லெண்ணெய் அல்ல. டீசலுக்கு மிக நெருங்கிய உறவு. அதன் மணம் ஒருமுறை அரிசிச் சாக்கில் ஏறினால் இறங்காது.

எனது கடையும் அப்படியொரு சிறு நகரத்துப் பழைய கட்டடத்தில்தான் இருந்தது. 2016 தை மாதத்தில் ஒரு அம்மா அரிசி மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, "தம்பி, சோறு மண்ணெண்ணெய் மணக்குது" என்றார். நான் உடனே மொத்த வியாபாரிக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தேன். அவர் பாவம், மறுபேச்சின்றி மாற்றித் தந்தார். அடுத்த வாரம் தேயிலை திரும்பி வந்தது. அது வேறொருவரிடம் வாங்கிய சரக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது: குற்றம் சரக்கில் இல்லை, சரக்கை அடுக்கிய இடத்தில்.

அப்போதாவது முறையான திருத்துநரை அழைத்தேனா? இல்லை. நிலக்கீழ் அறையில் சாம்பிராணி போட்டேன். சூடேற்றி நின்றபோதெல்லாம் கடைப் பையன் அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தி ஓடவைத்தான். கடைசியில் "மலிவாகச் செய்து தருவார்" என்று ஒருவரைப் பிடித்தோம். அவர் இரண்டு வயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போனார். சூடும் வந்தது. இரண்டாம் நாள் மாலை கல்லாவில் நின்ற பிள்ளைக்குத் தலையிடி, எனக்குக் குமட்டல். மேல்மாடியில் குடியிருந்தவர்களின் காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கை மணி அலறியபோதுதான் எல்லோரும் வெளியே ஓடினோம். அந்த மணி இருந்திராவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

அவர் முறுக்கிய வயர்கள் எவை என்பதைப் பிறகு வந்த அனுமதிப்பத்திரத் திருத்துநர் விளக்கினார். நல்ல புகைக்கூண்டு இல்லாத கட்டடங்களில் புகையை வெளியே இழுக்கச் சுவரில் ஒரு விசிறி பூட்டியிருப்பார்கள். குளிர் கூடியதும் முதலில் அந்த விசிறி சுழலவேண்டும். அது உண்மையாகவே இழுக்கிறதா என்பதைப் பிரஷர் சுவிச் ஒன்று சிறு குழாய் மூலம் பார்த்து, "சரி" என்றால்தான் எண்ணெய் எரியத் தொடங்கும். எரிந்து அணைந்த பின்னும் மிச்சப் புகை போவதற்காக விசிறி சில நிமிடங்கள் ஓடும். எங்கள் விசிறியின் இறக்கைகளில் புகைக்கரி அப்பியிருந்தது. சிறு குழாயும் கரியால் அடைபட்டிருந்தது. ஆகவே சுவிச் "எரியாதே" என்று சரியாகத்தான் சொன்னது. வந்தவர் அந்தக் காவல்காரனின் வாயைக் கட்டிவிட்டார். விசிறி இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் எண்ணெய் எரிந்தது. புகை உள்ளேயே தங்கியது.

இதில் நான் படித்த பாடம், மணம் எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும் என்பதே. சூடேற்றி தொடங்கும்போது மணத்தோடு "டும்" என்று சத்தமும் வந்தால், எண்ணெய் பற்றப் பிந்துகிறது; எண்ணெய் தெளிக்கும் நொசிலோ தீப்பொறிக் கம்பிகளோ பழுதாக இருக்கலாம். ஓடும் நேரம் முழுவதும் மணந்தால் விசிறியின் இழுவை போதாது, அல்லது வெளிக்குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது சூடேற்றியின் உட்பாத்திரம் வெடித்திருக்கிறது. அணைந்த பிறகு மணந்தால், விசிறியைச் சில நிமிடம் ஓடவைக்கும் நேரக் கருவியோ ரிலேயோ வேலை செய்யவில்லை, அல்லது நொசிலில் எண்ணெய் சொட்டுகிறது. ஓடினாலும் நின்றாலும் ஒரே மாதிரிப் பச்சை எண்ணெய் மணந்தால் தாங்கியிலோ வடிகட்டியிலோ கசிவு. பிளாஸ்ரிக் கருகியது போலவோ, காரணமின்றி மீன் மணம் போலவோ வந்தால் அது மின்சாரத்தின் வேலை: எங்கோ இணைப்புத் தளர்ந்து சூடாகிறது. அப்போது சுவிச்சை நிறுத்தி, ஆளை அழையுங்கள். இந்த விபரத்தை நாளும் நேரமும் போட்டு ஒரு கொப்பியில் குறித்துக் கொடுத்தால், திருத்துநர் பாதி வேலையை உங்களிடமிருந்தே அறிந்துகொள்வார். பற்று வரவு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையல்ல.

சிவப்புப் பொத்தானை ஒரு தடவைக்கு மேல் அழுத்தக்கூடாது. ஒவ்வொரு முறையும் எரியாத எண்ணெய் உள்ளே சேர்கிறது. கடைசியில் பற்றும்போது அத்தனையும் ஒன்றாகப் பற்றி, கடை முழுவதும் கரியைக் கக்கும். கரி படிந்த மிளகாய்த்தூளை யாருக்கு விற்பது?

நம்மவர் கடைகளுக்கே உரிய இன்னொரு வினையும் உண்டு. பலர் முன்னால் மளிகையும் பின்னால் ரோல்ஸ், வடை, கொத்துரொட்டியுமாக நடத்துகிறோம். அடுப்புக்கு மேலுள்ள பெரிய விசிறி கடைக் காற்றை வெளியே தள்ளுகிறது. குளிருக்காகக் கதவு, யன்னல் எல்லாம் இறுக மூடியிருந்தால், அந்த விசிறி தனக்குரிய காற்றைச் சூடேற்றியின் புகைக்குழாய் வழியாகவே உள்ளே இழுத்துவிடும். வடை பொரிக்கும் நேரத்தில் மட்டும் எண்ணெய் மணந்தால் இதைச் சந்தேகியுங்கள். வெளிக்காற்று உள்ளே வர முறையான வழி அமைப்பதே மருந்து.

மணம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2008 இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் புகைவழி அடைபட்டு, ஒரு குடும்பத்தின் நால்வரும் அந்த வாயுவுக்குப் பலியானார்கள். அதன் பின் வந்த ஹோக்கின்ஸ் கிக்னாக் சட்டத்தின்படி, எரிபொருள் எரியும் வீடுகளில் எச்சரிக்கை மணி 2014 ஒக்ரோபர் முதல் கட்டாயமாகியது. மேல்மாடியில் மணி அலறியதும் அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, கடைக்குள்ளும் ஒன்று மாட்டிவையுங்கள்.

"கட்டடம் என்னுடையதல்ல, உரிமையாளர் பார்க்கட்டும்" என்பார்கள் சிலர். நானும் அப்படித்தான் இருந்தேன். உரிமையாளரோ வாடகைக்காரர் பார்ப்பார் என்று இருந்தார். நடுவில் கெட்டது என் சரக்கு. குத்தகைப் பத்திரத்தில் சூடேற்றி, புகைக்குழாய், எண்ணெய்த் தாங்கி ஆகியவற்றின் பராமரிப்பு யாருடையது என்று எழுத்தில் இருக்கவேண்டும். காப்புறுதியில் எண்ணெய்க் கசிவும் கரிச் சேதமும் அடங்குகின்றனவா என்றும் கேட்டு வையுங்கள்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆண்டுதோறும் புரட்டாதியில், குளிர் தொடங்குமுன், ஒன்ராறியோவின் தொழில்நுட்பத் தரங்கள் பாதுகாப்பு அதிகார சபையின் சான்றிதழ் பெற்ற ஒருவரை எண்ணெய் எரிக்கும் உறுப்பினர் எல்லோருமாகச் சேர்ந்து அமர்த்தலாம். பத்துக் கடை சேர்ந்து கேட்டால் விலையும் குறையும், சொன்ன நாளில் ஆளும் வருவார். நாட்காட்டி அச்சிடச் செலவழிக்கும் நாம் இதற்கும் செலவழிக்கலாம்.

எனக்குக் கடைசியில் தேவைப்பட்டது விசிறியைத் துப்பரவாக்கும் வேலையும் ஒரு சிறு குழாயும்தான். அதற்குச் சோம்பியதால் நிலக்கீழ் அறையிலிருந்த அரிசி, தேயிலை, மா அத்தனையும் குப்பைக்குப் போயின. அந்த மொத்த வியாபாரியிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தேநீர் தந்தார். அந்தத் தேநீரில் எண்ணெய் மணம் இருக்கவில்லை.